தொடாமல் மிதத்தல்: சிறுவர்களுக்கு ஸ்கூபாவும் கடல் பாதுகாப்பும் ஏன் ஒரே பாடம்?

"ஆக்சிஜன் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, கடலுக்கடியில் போய் வருவதுதான் ஸ்கூபா." யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார்கள். இந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உயிரையே வாங்கிவிடும். 'கடல் பாதுகாப்பு' என்பதும் இதேபோல் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல். கையுறை மாட்டிக்கொண்டு கடற்கரையில் பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கும் ஒரு படம் மனதில் வரும். அதோடு சரி.

இப்போது இந்த இரண்டையும் சேர்த்து இளம்பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வகுப்புகளும் முகாம்களும் பெருகிவருகின்றன. பெற்றோர் பலருக்கு இது ஒரு சாகசம், கூடவே கொஞ்சம் நற்செயல். இரண்டும் தனித்தனிப் பாடங்கள் என்று நினைப்பதால் வரும் எண்ணம் இது. என்னைக் கேட்டால் ஒரே பாடம்தான் என்பேன். ஏன் என்று புரிய, நீருக்கடியில் நம் உடலுக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், கணக்கு அதிகம் வராது. ஒரு பலூனும் ஒரு சோடா பாட்டிலும் போதும்.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

வெறும் காற்று. நீங்கள் இப்போது சுவாசித்துக்கொண்டிருக்கும் அதே காற்று: 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், மிச்சம் சில்லறை வாயுக்கள். ஈரத்தையும் தூசியையும் வடிகட்டிவிட்டு, அதை அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பரவலாகப் புழங்கும் ஒரு சிலிண்டரின் உட்கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதற்குள் 200 பார் அழுத்தத்தில் காற்றை ஏற்றினால் 2,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல் எண்பது, தொண்ணூறு மடங்கு.

சுத்தமான ஆக்சிஜனை அடைத்தால் இன்னும் நல்லதுதானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சுமார் 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டினாலே சுத்தமான ஆக்சிஜன் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சாகத் தொடங்கும், வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பொழுதுபோக்கு முக்குளிப்பில் யாரும் 'ஆக்சிஜன் சிலிண்டர்' கட்டிக்கொண்டு இறங்குவதில்லை.

சிலிண்டரைவிட முக்கியமான கருவி வாயில் கவ்விக்கொள்ளும் ரெகுலேட்டர். சிலிண்டரிலிருந்து பீறிட்டு வரும் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, அந்த ஆழத்தில் நம்மைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கி, நாம் இழுக்கும்போது மட்டும் தருவது அதன் வேலை. 1943-இல் பிரான்சில் எமில் காக்னான் என்ற பொறியாளரும் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் இதை உருவாக்கினார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை எரிவாயுவில் ஓட்டியபோது, அந்த எஞ்சின்களுக்காக காக்னான் செய்துவைத்திருந்த வால்வுதான் இதற்கு மூலம். எஞ்சின் கேட்கும்போது கேட்ட அளவு வாயு கொடுக்கும் வால்வு, நுரையீரலுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

நீரின் அழுத்தத்துக்கு ஏன் சமமாக்க வேண்டும்? சினிமாவில் எதிரிகளுக்குப் பயந்து ஓடுகிற நாயகன், ஒரு நாணல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு குளத்துக்கடியில் ஒளிந்திருப்பான் அல்லவா? சுமார் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போனாலே அது நடக்காது. மார்பின் மேல் தண்ணீர் அழுத்துகிறது, குழாயின் மறுமுனையில் சாதாரணக் காற்று. நம் மார்புத் தசைகளுக்கு அந்த வித்தியாசத்தை எதிர்த்து மூச்சிழுக்கும் பலம் கிடையாது. ரெகுலேட்டர் அந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. அதனால் 15 மீட்டர் ஆழத்திலும் கரையில் சுவாசிப்பது போலவே சுவாசிக்க முடிகிறது.

பலூன் சொல்லும் கதை

நம் தலைக்கு மேல் இருக்கும் மொத்தக் காற்றின் எடையும் எப்போதும் நம்மை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஏறத்தாழ 1 பார் என்று வைத்துக்கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு 1 பார் கூடுகிறது. வானம் வரை நிற்கும் காற்று மண்டலம் முழுவதும் தருகிற அழுத்தத்தை வெறும் 10 மீட்டர் தண்ணீர் தந்துவிடுகிறது.

6 லிட்டர் காற்றடைத்த ஒரு பலூனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, பலூன் 3 லிட்டராகச் சுருங்கும். 20 மீட்டரில் 2 லிட்டர். 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர். அழுத்தம் கூடக்கூட வாயுவின் பருமன் அதே விகிதத்தில் குறையும் என்ற இந்த விதியை ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டார். பள்ளியில் எல்லோரும் படித்த விதிதான். தேர்வு முடிந்ததும் மறந்துபோன விதியும்கூட.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். முதல் 10 மீட்டரில் 3 லிட்டர் சுருங்கியது. அடுத்த 10 மீட்டரில் 1 லிட்டர். அதற்கடுத்த 10 மீட்டரில் அரை லிட்டர். அதாவது மிகப்பெரிய மாற்றம் ஆழத்தில் நடப்பதில்லை, மேற்பரப்புக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. "சின்னப் பையன்தானே, ஆழம் குறைவான இடத்திலேயே விளையாடட்டும்" என்பது பாதுகாப்பான பேச்சாகத் தோன்றும். பலூனுக்கு அது தெரியாது.

இப்போது பலூனுக்குப் பதில் நுரையீரலை வைத்துப் பாருங்கள். சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி முத்துக் குளிப்பவர் மேலே இழுத்த காற்றோடு இறங்குகிறார், நுரையீரல் சுருங்குகிறது, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது. இதில் காற்று விரிந்து கிழிக்கும் ஆபத்து இல்லை. ஆனால் ஸ்கூபா போட்டவர் 10 மீட்டர் ஆழத்திலேயே ரெகுலேட்டரிலிருந்து நுரையீரல் நிறைய 5 லிட்டர் காற்றை இழுக்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. திசு கிழிந்து, காற்றுக் குமிழிகள் ரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போகலாம். நுரையீரல் நிறைந்திருக்கும்போது ஒன்றேகால் மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தாலும் இது நடக்கக்கூடும். நீச்சல் குளமே போதும்.

ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி, தொடக்கத்தில் பார்த்த வரிக்கு நேர் எதிரானது: எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதே. இடைவிடாமல் சுவாசித்துக்கொண்டே இரு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நன்றாக நீச்சல் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் இது கடினம். தலை தண்ணீருக்குள் போனதும் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் உடல் பல வருடமாகப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை மறக்கடிப்பதுதான் பயிற்சியாளரின் முதல் வேலை.

காது இன்னொரு காற்றறை. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியில் காற்று இருக்கிறது. இறங்க இறங்க அதுவும் சுருங்கி, செவிப்பறையை உள்ளே இழுக்கும். நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் அது திறந்து காற்றை உள்ளே விடும். விமானத்தில் காது அடைக்கும்போது கொட்டாவி விடுகிறோமே, அதன் அண்ணன் இது. சிறு பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் சாய்வு குறைவாகவும் இருப்பதால் சட்டென்று திறக்காது. சளி பிடித்திருந்தால் சுத்தமாகத் திறக்காது. அன்றைக்கு முக்குளிப்பு இல்லை. வலித்தால் கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயல வேண்டும். "பொறுத்துக்கொள்" என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சோடா பாட்டில்

நைட்ரஜனை உடல் பயன்படுத்துவதில்லை. உள்ளே போகும், வெளியே வரும். ஆனால் அழுத்தம் கூடினால் அது ரத்தத்திலும் கொழுப்பிலும் கரையத் தொடங்கும். மூடிய சோடா பாட்டிலில் வாயு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது போல. மூடியை மெதுவாகத் திருகினால் 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு அடங்கிவிடும். படாரென்று திறந்தால் நுரைத்துக் கொட்டும். அவசரமாக மேலே வருபவரின் உடலுக்குள் நடப்பது இரண்டாவது. இதற்கு அழுத்தத்தளர்வு நோய் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் பாலங்களுக்கு அடித்தளம் போட, அழுத்தக் காற்று நிரம்பிய அறைகளில் வேலை செய்த தொழிலாளர்கள் மூட்டுவலியால் வளைந்து நடந்தார்கள். அதனால் இன்றும் முக்குளிப்பவர்கள் இதை 'பெண்ட்ஸ்', அதாவது வளைவு நோய் என்றே சொல்கிறார்கள். ஜான் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு நேரம் எந்த ஆழத்தில் இருந்தால் எப்படி மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை 1908-இல் வெளியிட்டார்.

இன்று அந்தக் கணக்கை மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பிள்ளை நினைவில் வைக்க வேண்டியவை சில மட்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக்கூடாது. மேலே வருமுன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். ஒருமுறை முக்குளித்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை முக்குளித்திருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்று. ஆழம் கூடினால் காற்று சுருங்கும், மேலே வந்தால் விரியும். அதனால் மூச்சை அடக்கக்கூடாது. நைட்ரஜன் கரைந்திருப்பதால் மெதுவாக மேலே வரவேண்டும். இவ்வளவும் உயிரோடு திரும்பி வருவதற்கான பாடம். இனிமேல் வருவது, கீழே இருப்பவற்றையும் உயிரோடு விட்டுவிட்டு வருவதற்கான பாடம்.

மூச்சால் ஏறி மூச்சால் இறங்குவது

தண்ணீருக்குள் ஒரு பொருள் எவ்வளவு நீரை இடம்பெயர்க்கிறதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். இதுதான் ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்புவிசை. நம் எடை அதைவிட அதிகம் என்றால் மூழ்குவோம், குறைவு என்றால் மேலே போவோம். இரண்டும் சரியாகச் சமமானால், ஏறவும் மாட்டோம் இறங்கவும் மாட்டோம். அந்தரத்தில் அப்படியே நிற்போம். இதற்கு நடுநிலை மிதப்பு என்று பெயர். ஸ்கூபாவில் ஒரே ஒரு வித்தையைத்தான் கற்றுத்தர முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இதற்கு மூன்று கருவிகள். முதலாவது, இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகள். மனித உடலும் குளிர் தாங்கும் ரப்பர் உடையும் மிதக்கப் பார்க்கும் என்பதால், அதைச் சரிக்கட்ட. இரண்டாவது, காற்றை ஏற்றி இறக்கக்கூடிய மேற்சட்டை. பிசிடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவது கருவியை யாரும் விலைக்கு வாங்க வேண்டாம். அது நுரையீரல்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வழக்கத்தைவிட ஒரு லிட்டர் கூடுதலாக மூச்சிழுத்தால் மார்பு ஒரு லிட்டர் விரிகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் இடம்பெயர்கிறது. ஏறத்தாழ ஒரு கிலோ எடை குறைந்த மாதிரி உடல் மேலே எழுகிறது. வெளியே விட்டால் ஒரு கிலோ கூடியது போல இறங்குகிறது. மூச்சை நிறுத்தவே வேண்டாம். சற்று நிறைந்த நுரையீரலோடு சுவாசித்தால் ஏறலாம், சற்றுக் காலியான நுரையீரலோடு சுவாசித்தால் இறங்கலாம். கை ஆட்டாமல், கால் உதைக்காமல்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது இரண்டு விஷயங்கள் குழப்பும். ஒன்று, தாமதம். மூச்சிழுத்த நொடியில் உடல் எழாது. ஓரிரு வினாடி கழித்துத்தான் எழும். புதிதாகக் கற்பவர் அதற்குள் பொறுமை இழந்து இன்னும் கொஞ்சம் இழுப்பார், பிசிடி பொத்தானையும் அமுக்குவார். பிறகு எல்லாம் சேர்ந்து ஒன்றாக மேலே தூக்கும். குழாயில் சுடுநீர் வரத் தாமதமாகும்போது திருகிக்கொண்டே போய், கடைசியில் கையைச் சுட்டுக்கொள்கிறோமே, அதே கதை.

இரண்டாவது குழப்பம் நம் பழைய நண்பன் பலூன். கொஞ்சம் இறங்கினால் பிசிடிக்குள் இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் மிதப்பு குறையும். குறைந்தால் இன்னும் வேகமாக இறங்குவோம். ஏறும்போது நேர் எதிர். சமநிலை என்பது பள்ளத்தில் உருண்டு நிற்கும் கோலிக்குண்டு அல்ல, குன்றின் உச்சியில் நிற்கும் கோலிக்குண்டு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உருண்டுகொண்டே போகும். மேற்பரப்புக்கு அருகே பருமன் மாற்றம் அதிகம் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் சிறுவர்கள் முக்குளிக்கும் ஆழம் குறைந்த பகுதியில்தான் சமநிலை பிடிப்பது கடினம்.

இங்கே பல பயிற்சியிடங்கள் ஒரு குறுக்குவழி எடுக்கின்றன. பிள்ளை மேலே மேலே போகிறதா? இன்னும் இரண்டு கிலோ ஈயத்தைக் கட்டு. கீழே அழுந்தி நிற்கும், கவலையில்லை. அன்றைய வகுப்புக்கு அது வசதி. ஆனால் இடுப்பில் எடை கூடினால் கால் தொங்கும், உடல் சாய்வாக நிற்கும். அதைச் சரிக்கட்ட பிசிடியில் அதிகக் காற்று ஏற்ற வேண்டும். காற்று அதிகமானால் ஏற்ற இறக்கமும் அதிகம். தொங்கும் கால் ஒவ்வொரு உதையிலும் தரையைக் கிளறும். தரையில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

கல் போலத் தோன்றும் விலங்கு

பவளப்பாறை என்று பெயர் வைத்ததால் வந்த வினை, அதைப் பாறை என்றே நினைத்துவிடுகிறோம். சிலர் செடி என்பார்கள். பவளம் ஒரு விலங்கு. சில மில்லிமீட்டர் அளவுள்ள ஆயிரக்கணக்கான சிறு உயிரிகள் சேர்ந்து வாழும் குடியிருப்பு அது. அந்தச் சிறு உயிரிக்கு பாலிப் என்று பெயர். ஜெல்லிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவு. ஒவ்வொரு பாலிப்பும் தனக்கடியில் சுண்ணாம்பால் ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கிண்ணங்கள் சேர்ந்ததுதான் நாம் காணும் 'பாறை'. உயிருள்ள பகுதி மேலே போர்த்திய மெல்லிய தோல் மட்டும்.

அந்தத் தோலுக்குள் குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள்: நுண்பாசிகள். அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, வாடகையாக அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளத்தின் பழுப்பு பெரும்பாலும் அந்தப் பாசிகளின் நிறம். கடல்தரையில் ஒரு சதவீதம்கூட இல்லாத பவளத் திட்டுகளை நம்பி, கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால்வாசி வாழ்கின்றன.

முக்குளிப்பவர் காலில் மாட்டியிருக்கும் துடுப்பு பட்டால் என்ன ஆகும்? கிளைப்பவளம் என்றால் முறியும். குண்டுப் பவளம் முறியாது, ஆனால் மென்மையான பாலிப்பின் தோல் அதன் அடியில் இருக்கும் கூரான சுண்ணாம்பில் நசுங்கும். அந்தக் காயத்தில் நோய் தொற்றலாம். குண்டுப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். 12 வயதுப் பையன் இடித்துப் பெயர்த்த கையளவு துண்டு அவனைவிட மூத்ததாக இருக்கலாம். எதையும் தொடவே இல்லை, மணலைத்தான் கிளறினேன் என்றாலும் தப்பில்லை என்று சொல்லமுடியாது. மேலே படியும் மணல் ஒளியை மறைக்கிறது. அதைத் தள்ளிவிட பவளம் சளிபோன்ற திரவத்தைச் சுரக்க வேண்டும். சுரப்பதற்கு உணவு செலவாகிறது.

கடல் எவ்வளவு பெரியது, ஒருவர் கால் பட்டு என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். முக்குளிப்பவர்கள் கடல் முழுக்கப் பரவிப் போவதில்லை என்பதுதான் சிக்கல். படகு நிற்க வசதியான, பார்க்க அழகான அதே சில திட்டுகளுக்குத்தான் எல்லோரும் நாள்தோறும் வருகிறார்கள். அவர்கள் பவளத்தில் மோதுவதைப் பின்தொடர்ந்து எண்ணிய ஆய்வுகளில் முதல் குற்றவாளி கை அல்ல, துடுப்பு. கேமரா வைத்திருப்பவர்கள் அதிகம் மோதுகிறார்கள் என்பதும் தெரிந்தது. பெரும்பாலானவை வேண்டுமென்று செய்தவை அல்ல. சமநிலை தவறியவை.

இப்போது இரண்டு பாடங்களும் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு வந்துவிட்டோம். "பவளத்தைத் தொடாதே" என்று நூறு முறை சொல்லலாம். அந்தரத்தில் நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க வழியே இல்லை. தொடாமல் இருப்பது மனநிலை மட்டும் அல்ல, உடல் கற்க வேண்டிய திறமை.

எந்த வயதில்?

உலகம் முழுக்கப் புழங்கும் பயிற்சி அமைப்புகளில் ஒன்றான பி.ஏ.டி.ஐ. வகுத்திருக்கும் வரம்புகளைப் பார்த்தால் ஒரு தோராயம் கிடைக்கும். 8 வயதில் நீச்சல் குளம் போன்ற இடத்தில் 2 மீட்டர் ஆழத்துக்குள் மூச்சுவிட்டுப் பார்க்கலாம். 10 வயதில் ஜூனியர் சான்றிதழ் பெறலாம். ஆனால் 12 வயது ஆகும்வரை 12 மீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது, கூடவே பெற்றோரோ காப்பாளரோ தொழில்முறை முக்குளிப்பாளரோ இருக்க வேண்டும். 12 முதல் 14 வரை, சான்றிதழ் பெற்ற பெரியவரோடு போகலாம். அடிப்படைச் சான்றிதழின் ஆழ வரம்பு பெரியவர்களுக்கே 18 மீட்டர்தான்.

நுரையீரல் சின்னது என்பதால் அல்ல இந்தக் கட்டுப்பாடு. காதுக் குழாயைப் பற்றி முன்பே சொன்னேன். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்தும். எடைக்கு ஏற்ற விகிதத்தில் தோல்பரப்பு அதிகம் உள்ள சிறுவர்கள் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள். ஆனால் முக்கியமான காரணம் வேறு. ஸ்கூபாவில் எப்போதும் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருவர் காற்று தீர்ந்தால் மற்றவர் கொடுக்க வேண்டும். 10 வயதுப் பிள்ளையோடு முக்குளிக்கும் அப்பாவுக்கு ஏதாவது ஆனால், பிள்ளையால் அவரைத் தூக்கிவர முடியுமா? அந்தக் கணக்கில் அப்பா தனியாகத்தான் முக்குளிக்கிறார். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். இன்னொன்று: பிள்ளைக்கே ஆசை இருக்க வேண்டும். பணம் கட்டியாயிற்று என்பதற்காக இறக்கிவிடப்படும் பிள்ளை, பயந்ததும் செய்யும் முதல் காரியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான்.

குப்பை பொறுக்குவதைத் தாண்டி

அந்தரத்தில் நிற்கத் தெரிந்த பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை கொடுக்கலாம்? எண்ணச் சொல்லலாம். 'ரீஃப் செக்' என்ற அமைப்பு 1997 முதல் பல நாடுகளில் தன்னார்வ முக்குளிப்பாளர்களை வைத்துக் கணக்கெடுத்து வருகிறது. தரையோரம் ஓர் அளவுநாடாவை விரித்து, அதன் இருபுறமும் குறிப்பிட்ட சில மீன்கள், சங்குகள், பவளங்கள் எத்தனை என்று குறித்துக்கொள்வார்கள். அதே இடத்தில் வருடா வருடம் எண்ணினால்தான் குறைகிறதா கூடுகிறதா என்று தெரியும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் உருவாக்கிய பவள நிற அட்டை இன்னும் எளிது. பவளத்தின் நிறத்தை அட்டையில் 1 முதல் 6 வரை உள்ள நிறச்செறிவோடு ஒப்பிட்டு எழுதினால் போதும். பள்ளிப் பிள்ளைகளால் நன்றாகச் செய்ய முடியும், தொடாமல் நிற்க முடிந்தால்.

நிறம் ஏன் முக்கியம்? வழக்கமான உச்சக் கோடை வெப்பத்தைவிட நீர் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளிவிடும். நிறம் போய், உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். இதுதான் வெளிறல். வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல, பட்டினி கிடக்கும் பவளம். சீக்கிரம் நீர் குளிர்ந்தால் பிழைக்கும். 1998, 2010, 2014 முதல் 2017 என மூன்று முறை உலகளாவிய வெளிறல் நடந்தது. நான்காவது நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் மழுப்பக்கூடாது. வெளிறலை எந்த முக்குளிப்பாளராலும் நிறுத்த முடியாது. அதன் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியிலும் எண்ணெயிலும் இருக்கிறது. துடுப்பை ஒழுங்காக வைத்துக்கொண்டால் கடலைக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொடுப்பது பொய். ஆனால் வெப்பத்தால் தவிக்கும் பவளத்துக்கு, உதையும் மணலும் சேராமல் இருந்தால் பிழைக்க வாய்ப்பு கூடும் என்பது உண்மை. நோயாளியின் காய்ச்சலைத் தணிக்க முடியாவிட்டாலும் அவர் தூங்கும்போது கட்டிலை இடிக்காமல் நடக்கலாம்.

கடலடிக் குப்பையை எடுப்பதும் கரையில் பொறுக்குவது போல் அல்ல. பவளத்தில் சுற்றிய தூண்டில் நரம்பை இழுத்தால் பவளம் உடைந்து வரும். சிறு துண்டுகளாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும். பல வருடம் கிடந்த பாட்டிலுக்குள் யாராவது குடியேறியிருக்கலாம். அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. கைவிடப்பட்ட பெரிய வலைகள் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. மீனைப் பிடிக்கும் வலை மனிதரையும் பிடிக்கும்.

விலகி நிற்பதன் பலத்துக்கு ஒரு நல்ல உதாரணம் மெக்சிகோவின் காபோ புல்மோ. மீன் குறைந்துகொண்டே வந்த அந்தச் சிறு ஊரின் மீனவக் குடும்பங்கள் பாதுகாப்பு கேட்டு முன்நின்றன. 1995-இல் அது தேசியப் பூங்காவானது. பிறகு அங்கே மீன்பிடிப்பை அடியோடு நிறுத்தினார்கள். 1999-இலிருந்து 2009 வரை அங்குள்ள மீன்களின் மொத்த எடை 460 சதவீதத்துக்கு மேல் கூடியது. யாரும் மீன் கொண்டுவந்து விடவில்லை, பவளம் நடவில்லை. எடுக்காமல் விட்டார்கள். ஊர்க்காரர்கள் பிழைப்பது இப்போது முக்குளிக்க வருபவர்களால்.

சேர்ப்பதற்கு முன் என்ன கேட்பது?

பயிற்சியிடம் நல்லதா என்று விளம்பரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சில கேள்விகள் கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? கடலுக்குப் போகுமுன் குளத்தில் எத்தனை மணி நேரம்? பிள்ளையின் அளவுக்குப் பொருந்தும் பிசிடியும் மாஸ்க்கும் இருக்கின்றனவா? "இன்று வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்? மீனுக்குத் தீனி போட்டு வரவழைத்துப் படம் எடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பெருமையோடு பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.

முடிந்தால் ஒரு வகுப்பை நேரில் பாருங்கள். மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றுவது, வாயிலிருந்து விழுந்த ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது போன்ற பயிற்சிகளை எப்படிச் செய்விக்கிறார்கள் என்று கவனியுங்கள். பல இடங்களில் பிள்ளைகளை வரிசையாகக் குளத்தின் தரையில் முழங்காலிட வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பயிற்சியாளருக்கு அது எளிது, யாரும் நகர மாட்டார்கள். ஆனால் மாஸ்க்கில் தண்ணீர் ஏறினால் முட்டிபோட வேண்டும் என்று உடல் கற்றுக்கொண்டுவிடும். கடலில் மாஸ்க்கில் தண்ணீர் ஏறும் அன்றைக்கு, முழங்காலுக்கடியில் குளத்து ஓடு இருக்காது.

வேறு சில இடங்களில் இதே பயிற்சியைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே, அந்தரத்தில் செய்யவைக்கிறார்கள். அதற்கு முன் ஒரு விளையாட்டு உண்டு. குளத்தின் அடியில் ஒரு வளையத்தைப் போட்டுவிட்டு, கையும் காலும் அசைக்காமல், மூச்சை வெளியே விட்டு இறங்கி, அதை மூக்கால் தொட்டுவிட்டு, மூச்சை இழுத்து மேலே எழ வேண்டும். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் வளையத்தில் முட்டிக்கொள்வார்கள். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை வளையத்துக்கு ஒரு விரல் உயரத்தில் போய், அப்படியே நிற்கும்.